நீர்மட்டம் பொருந்தினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. இப்படிப்பட்ட இடங்களில் குரோமியம் எந்தக் கிணற்றை எப்போது எட்டும் என்று முன்கூட்டிக் கணிக்கக் கணினி மாதிரி வேண்டும். நீரோட்டத்துக்கு மோட்ஃப்ளோ, கரைபொருள் நகர்வுக்கு எம்டி3டிஎம்எஸ் என்ற மென்பொருள்களைப் பயன்படுத்துவது வழக்கம். ஆனால், மாதிரி காட்டும் நீர்மட்டம் கிணறுகளில் அளந்ததோடு ஒத்துப்போனதுமே மாசு வரைபடத்தையும் நம்பிவிடுகிறோம். அது பெரிய தவறு.

மாறா நிலையில், அதாவது நீரோட்டம் காலத்தால் மாறாது என்று கொண்டு, கணக்கிடும் நீர்மட்டத்தில் பாறையின் நுண்துளைப் பங்கு (பாறையின் கனஅளவில் நீர் ஓடக்கூடிய வெற்றிடத்தின் பங்கு) நுழைவதே இல்லை. மாசின் வேகமோ அதை நம்பியே இருக்கிறது. நீர் கடத்துதிறன் நாளுக்கு 5 மீட்டர், நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு 4 என்று கொள்வோம். நுண்துளை 20 சதவீதம் என்றால் மாசு ஆண்டுக்குச் சுமார் 36 மீட்டர் நகரும். 2 சதவீதம் என்றால் 365 மீட்டர். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றுதான்! 20 சதவீதம் ஆற்று மணலுக்குப் பொருந்தும் எண். பாலாற்றுப் படுகையை விட்டு விலகினால் அடியில் இருப்பது கருங்கல், நைஸ் பாறை. நீர் விரிசல் வழியேதான் ஓடுகிறது.

அடுத்தது, மாதிரி நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டத்தின் அளவு. விரவல் நீளத்தை (ஓடும் நீரில் மாசு எவ்வளவு பரவும் என்பதைக் குறிக்கும் எண்) 10 மீட்டர் என்று கொடுத்துவிட்டுக் கட்டத்தை 100 மீட்டராக வைத்தால், நீர் வரும் திசையிலுள்ள கட்டத்தின் அளவை எடுத்துக் கணக்கிடும் சாதாரண வேறுபாட்டு முறை கட்ட நீளத்தில் பாதியை, அதாவது 50 மீட்டரை, தானாகவே விரவலில் கூட்டிவிடும். மாசு பரந்து நீர்த்ததாகத் தெரியும். குடிநீருக்கான குரோமிய வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், உண்மையில் அதைத் தாண்டிய கிணறு வரைபடத்தில் பாதுகாப்பானதாகத் தோன்றக்கூடும். கட்டம் விரவல் நீளத்தின் இருமடங்குக்குள், இங்கே 20 மீட்டருக்குள், இருக்க வேண்டும். முடியாவிட்டால் இந்தச் செயற்கை விரவலைக் குறைக்கும் டிவிடி (TVD) போன்ற கூர்மையான தீர்வு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கணக்கிட நேரம் கூடும், அவ்வளவுதான்.

குரோமியத்தை ஒரே பொருளாகக் கருதுவதும் கூடாது. மூன்று இணைதிறன் குரோமியம் பெரும்பாலும் மண்ணிலேயே படிந்துவிடும். ஆறு இணைதிறன் கொண்டது எதிர்மின் அயனி. காரத்தன்மையுள்ள நீரில் மண்ணோடு அதிகம் ஒட்டாமல் நீரோடு போய்விடும். முன்னதன் ஒட்டுதல் எண்ணைப் பின்னதற்குப் போட்டால் மாசு நகராமலே நிற்பதுபோல் காட்டும். விரிசலிலிருந்து பக்கத்துச் சிதைந்த பாறைக்குள் ஊறிய குரோமியம், நீரை இறைத்துச் சுத்தப்படுத்திய பிறகும் பல ஆண்டுகள் மெல்லத் திரும்பிக் கசியும். இதற்கு விரிசலையும் பாறையையும் தனித்தனியே கணக்கில் கொள்ளும் இரட்டை நுண்துளைக் கணக்கு தேவை.

ஆகவே, மாசு வரைபடம் வெளியிடும் துறைகள் நுண்துளை, விரவல் நீளம், கட்ட அளவு, தீர்வு முறை ஆகிய நான்கையும் வரைபடத்தின் கீழேயே அச்சிட வேண்டும். கிணறுகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்த ஆறு இணைதிறன் குரோமிய அளவை மாதிரி தந்த அளவோடு சேர்த்து, கிணறு வாரியாகத் தமிழில் வெளியிடட்டும்.

இப்படிக்கு,
நிலத்தடி நீரியல் பொறியாளர்கள்,
வேலூர்