பாதியில் கலைந்த கூட்டத்தைத் தொடருங்கள்: வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்துக்கு மறுநாள் நீங்கள் அனுப்பிய அறிவிப்பைப் படித்தேன். ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் நாவல் பற்றிய பேச்சு இத்தோடு முடிந்தது, உறுப்பினர்கள் மனம் புண்படும்படியான நூல்களை இனி எடுப்பதில்லை, அடுத்த மாதம் ஒரு பயண நூல். நேரில் வந்தே பேசியிருப்பேன். ஆனால் முடிவை எல்லோருக்கும் அறிவித்துவிட்டீர்கள், அதனால் நானும் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். அந்தக் கூட்டத்தைப் பாதியில் விட வேண்டாம். அதே நாவலுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள்.

அன்றைக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாவல் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’. 1914-18 போரில் ஜெர்மன் தரப்பில், பள்ளிக்கூட பெஞ்சிலிருந்து நேராகப் பட்டாளத்துக்குப் போன பால் பாய்மர் என்ற பையன் சொல்லும் கதை. கூடப் போன வகுப்புத் தோழர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். 1918 அக்டோபரில், போர் முடியப் போகும் நேரத்தில், அவனும் சாகிறான். அன்றைய ராணுவ அறிக்கை மேற்கு முனையில் சொல்லும்படியாக எதுவும் இல்லை என்கிறது.

புதுச்சேரியில் இதைப் படிக்க உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே குரலில் ‘போர் கொடுமை’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம் என்றுதான் நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. பொறியியல் படிக்கும் தங்கை, பாதிக்கு மேல் அலுப்பாக இருந்தது என்றாள். சாப்பிடுகிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், யாரோ சாகிறார், மறுபடி சாப்பிடுகிறார்கள். பெண்கள் என்றால் நோயாளி அம்மா, ரொட்டிக்காகக் கதவு திறக்கும் பிரெஞ்சுப் பெண்கள், மருத்துவமனைக் கன்னியாஸ்திரீகள், அவ்வளவுதானா என்று கேட்டாள். கேள்வி சரிதான், பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு, மாணவர்களை உசுப்பிவிட்டுப் பட்டாளத்துக்கு அனுப்பும் கான்டோரெக் வாத்தியார் மேல் வந்த கோபத்தைவிட ரெமார்க் மேல் வந்த கோபம் அதிகம். எல்லாப் பழியையும் வாத்தியார் தலையில் கட்டுகிறான் என்றார். போகட்டும்.

சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய், வீட்டுப் பிள்ளை ஒருவர் நம் வட்டத்தில் உண்டு. அவர் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர் குடும்பத்தில் பிரான்சுக்காகச் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள், இன்னும் பிரெஞ்சு பென்ஷன் வருகிறது. நாவலை அவர் எதிர்ப் பதுங்குகுழியில் உட்கார்ந்துதான் படித்திருக்கிறார். பால் எறிகிற ஒவ்வொரு கையெறிகுண்டும் எங்கள் பக்கம்தானே விழுகிறது, இவனுக்காக நான் ஏன் அழ வேண்டும் என்று கேட்டார். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே இருக்கிற போர் நினைவுச் சின்னம் 1938-ல் கட்டியது. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் அந்தப் போரில் செத்தவர்களுக்காக. ஜூலை 14 அன்று விளக்குப் போடுவார்கள், நாம் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி பார்ப்போம். அங்கே நினைவுகூரப்படுகிறவர்களுக்கு பால் பாய்மர் எதிரி. இது எனக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை.

இதுவரை எல்லாம் நன்றாகவே போனது. பிரச்சினை பத்தாம் அத்தியாயத்தில் வந்தது.

ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு கிராமத்தில் ராணுவக் கிடங்கைக் காவல் காக்க எட்டுப் பேரை அனுப்புகிறார்கள். அவர்களுக்கு அது திருவிழா. வீடு வீடாகப் போய் மெத்தைகளையும் பட்டு விதானம் போட்ட கட்டிலையும் தூக்கி வருகிறார்கள். இரண்டு பன்றிக்குட்டிகளைப் பிடித்து வறுக்கிறார்கள். புகையைப் பார்த்து எதிரி குண்டு போடுகிறான், பால் அசையாமல் நின்று உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறான். கொழுப்பு ஒத்துக்கொள்ளாமல் ராத்திரி முழுக்க எல்லோரும் வெளியே ஓடுகிறார்கள். கடைசியில் அந்தக் கட்டிலை லாரி மேல் ஏற்றி, கிளிக்கூண்டில் ஒரு பூனையையும் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நாவலிலேயே சிரிக்க முடிகிற இடம் இதுதான்.

நம் ஹவில்தார் சார் அன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்கு முன்பு வரை அவருக்கு நாவல் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. இந்த ஆள் முனையில் இருந்ததே சில வாரம், எங்களுக்கு இவனா பாடம் நடத்துவது என்று சொல்லியிருந்தார். பன்றிக்குட்டி கதை வந்ததும் முகம் மாறிவிட்டது. இது பார்த்தவன் எழுதியது, பட்டாளத்துக்காரனுக்குச் சோறு கிடைத்த நாள்தான் தீபாவளி என்றார். தாங்களும் ஒரு முறை ஆளில்லாத வீட்டில் கோழி பிடித்து, ஹெல்மெட்டில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சமைத்ததைச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் அக்கா மட்டும், “எந்த ஊரில, சார்?” என்று கேட்டார்.

யாழ்ப்பாணம் பக்கம், 87-ல், இந்திய அமைதிப்படையில் இருந்தபோது என்றார் அவர்.

“அந்தக் கோழி யாருடையது?”

அவ்வளவுதான் அக்கா கேட்டது. குரலை உயர்த்தவில்லை. பத்தாம் அத்தியாயத்தைப் படிக்கும்போதே, இந்தப் பன்றிக்குட்டி யாருடையது, இந்தக் கட்டிலில் யார் பிள்ளை பெற்றாள் என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது என்றும் சொன்னார். ஹவில்தார் சாருக்கு முகம் சிவந்தது. எங்களுக்குப் பசி அம்மா, எங்கள் செக்‌ஷனில் அந்த வாரம்தான் ஆள் செத்திருந்தான் என்றார். அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவர் டெல்லியைத் திட்டினார், இன்னொருவர் இயக்கத்தைத் திட்டினார், நாற்காலிகள் இழுபட்டன, நீங்கள் கூட்டத்தை முடித்துவிட்டீர்கள். ஹவில்தார் சார் செருப்பை மாட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனார்.

அரசியல் நுழைந்துவிட்டது என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. பின்வரிசைச் சத்தத்தைச் சொல்கிறீர்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அக்கா கேட்டது நாவலுக்குள் இருக்கிற கேள்வி. அதே அத்தியாயத்தில், பன்றிக்குட்டி விருந்துக்கு ஒரு பக்கம் இரண்டு பக்கம் தள்ளிப் படித்துப் பாருங்கள். அதே ஆட்கள் இன்னொரு ஊருக்குப் போகும் வழியில், வீட்டைவிட்டு ஓடி வருகிற ஜனங்கள் எதிர்ப்படுகிறார்கள். தள்ளுவண்டியிலும் குழந்தை வண்டியிலும் முதுகிலும் சாமான். ஊர்க்காரர்கள் இன்னும் உள்ளே இருக்கும்போது பிரெஞ்சுக்காரன் குண்டு போடமாட்டான் என்று நம்பி நடக்கிறார்கள், சில நிமிடத்தில் குண்டு விழுகிறது. ரெமார்க் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் போய்விடுகிறார். நான் முதல் தடவை படித்தபோது விருந்தோடு நின்றுவிட்டேன். அக்கா நிற்கவில்லை, ஏனென்றால் அவர் அந்தத் தள்ளுவண்டிப் பக்கத்திலிருந்து படிக்கிறார். ஹவில்தார் சார் அடுப்புப் பக்கத்திலிருந்து படிக்கிறார். இரண்டு பேர் படித்ததும் ஒரே அத்தியாயம், இரண்டு பேரும் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். நம் வட்டத்தில் இதைவிட நல்ல வாசிப்பு நடந்து நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் விளக்கை அணைத்தோம்.

மனம் புண்படும் என்கிறீர்கள். இந்த நாவல் புண்படுத்தாத இடமே கிடையாது. 1928 கடைசியில் பெர்லின் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்து, 1929 ஜனவரியில் புத்தகமானது. விற்பனை லட்சங்களைத் தாண்டியது, திட்டும் அதே வேகத்தில் வந்தது. ஹவில்தார் சார் சொன்னதையே அன்றைக்கும் சொன்னார்கள். ரெமார்க் முனைக்குப் போனது 1917 ஜூனில், காயம்பட்டது ஜூலை 31-ல், இவனுக்கு என்ன தெரியும் என்றார்கள். வலதுசாரிகளுக்கு அது வீரர்களைக் கேவலப்படுத்தும் நூல். இடதுசாரிகள் சிலருக்கோ, போர் யாரால் ஏன் வந்தது என்று ஒரு வரிகூட இல்லாத நூல். இந்த இரண்டாவது குற்றச்சாட்டில் நியாயம் உண்டு என்பது என் கட்சி. பையன்கள் அதைப் பற்றிப் பேசிப் பார்க்கிறார்கள், ஒரு முடிவுக்கும் வராமல் விட்டுவிடுகிறார்கள்.

1930 டிசம்பரில் இந்த நாவலை வைத்து எடுத்த படம் பெர்லினில் ஓடியபோது நாஜித் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் தியேட்டருக்குள் வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள், நாற்றக் குண்டு போட்டார்கள். சில நாளிலேயே படத்துக்குத் தடை. 1933 மே 10 அன்று புத்தகத்தை எரித்தார்கள். 1938-ல் ரெமார்க்கின் குடியுரிமையைப் பறித்தார்கள். அவர் கைக்குச் சிக்கவில்லை, ஊரில் இருந்த தங்கை எல்ஃப்ரீடேயை 1943-ல் கொன்றார்கள். உங்களை அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பேசவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். எலி விட்டவர்கள் படம் ஓடக்கூடாது என்று விட்டார்கள், நீங்கள் சண்டை வரக்கூடாது என்று நிறுத்தினீர்கள். நோக்கம் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஹாலில் இருந்தவர்களுக்குப் படம் பாதியில் நின்றது நின்றதுதான்.

நம் ஊருக்கு இந்த விஷயம் தூரத்து விஷயமும் அல்ல. 1760 நவம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைச் சுற்றி வளைத்திருந்தபோது, தானியம் போதவில்லை என்று பிரெஞ்சுத் தளபதி லாலி ஊர்ச் சனங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. இரண்டு படைக்கும் நடுவில் நாள்கணக்கில் பட்டினி கிடந்த பிறகுதான் வழி விட்டார்கள். 1761 ஜனவரியில் ஊர் விழுந்தது, ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள். லாலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்த சண்டையைப் பாடத்தில் படிக்கிறோம். நடுவில் கிடந்தவர்களின் கோழி யாருக்குப் போனது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு என் முறை வருவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. நான் ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டராக வேலைக்குச் சேர்ந்தவன். நாவலில் பால் ஒரு குண்டுக் குழிக்குள் பதுங்கியிருக்கும்போது பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் மேலே வந்து விழுகிறான். பால் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் மணிக்கணக்கில் முனகிச் சாகிறான், பால் பக்கத்திலேயே கிடக்கிறான். பிறகு அவன் சட்டையிலிருந்து கையேட்டை எடுத்துப் பார்த்தால், பெயர் ஜெரார் டுவால், தொழில் கம்பாசிட்டர். எழுத்து எழுத்தாகக் கோர்த்துப் பிழைத்த ஆள். அங்கே என்னால் மேலே படிக்க முடியவில்லை. அந்த இடம் சினிமாத்தனம் என்றார் நம் பள்ளி ஆசிரியர். செத்தவனிடம் பால் பேசும் பேச்சுக்கு அது பொருந்தலாம். ஆனால் அடுத்து வருவதையும் பார்க்க வேண்டும். அவன் பெண்டாட்டிக்கு எழுதுவேன், உனக்குப் பதில் நான் அச்சுத் தொழில் செய்வேன் என்று சத்தியம் செய்கிற பால், தன் ஆட்களிடம் திரும்பிய மறுநாளே சமாதானமாகிவிடுகிறான். போர் என்றால் போர்தான் என்கிறான். கண்ணீரோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் அது சினிமாதான். அந்த மறதியைத் தயங்காமல் எழுதியதால்தான் இந்த ஆளை நம்புகிறேன். சில வாரம் இருந்தாலென்ன, சில வருஷம் இருந்தாலென்ன.

நம்மில் பாதிப் பேர் புத்தகம் எடுக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-ல் தொடங்கியது. அதற்குப் பெயராக இருக்கிற பிரெஞ்சு எழுத்தாளர், 1914-ல் பிரான்சே ஜெர்மானியரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தபோது வெறுப்பு வேண்டாம் என்று எழுதி, சொந்த நாட்டிலேயே துரோகி என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயர் போட்ட கட்டிடத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்துவிட்டு, யாரும் புண்படக்கூடாது என்று நாம் தீர்மானம் போடுவது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

ஹவில்தார் சாரையும் அக்காவையும் கைகுலுக்க வைக்கும் கூட்டம் எனக்கு வேண்டாம். மேடையில் அப்படி ஏதாவது செய்ய நினைத்தால் நானே எழுந்து போய்விடுவேன். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றோ, அக்கா கேள்வியைத் திரும்பப் பெற வேண்டும் என்றோ யாரும் சொல்லக்கூடாது. பத்தாம் அத்தியாயத்தை முழுக்க ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. பிறகு அவர்கள் இரண்டு பேரும் வேண்டுமென்றால் பேசட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். பின்வரிசைக்காரர்கள் நாவலைப் படித்துவிட்டு வந்தால் போதும்.

நான் இரண்டு பேரிடமும் போனில் பேசினேன். அக்கா வருகிறேன் என்றார், பஸ் ஆறு மணிக்கு மேல் கூட்டமாக இருக்கும், சீக்கிரம் முடியுங்கள் என்றும் சொன்னார். ஹவில்தார் சார் பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பாதி சம்மதம், உங்களுக்கே தெரியும். நீங்கள் ஒரு தடவை நேரில் போய்க் கூப்பிட்டால் வருவார்.

ஹால் கிடைப்பது சிரமம் என்றால் முத்தியால்பேட்டையில் எங்கள் அச்சகத்தின் பின்னறை இருக்கிறது. பேப்பர் ரீம்களை ஓரமாக அடுக்கினால் இருபது பேர் உட்காரலாம், மின்விசிறி ஒன்றுதான். டீ என் செலவு. எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டத்தின் உறுப்பினன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி