அந்த பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நான் 31 வருடம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதெல்லாம் வேண்டாம். நான் வேலை பார்த்த எல்லாப் பள்ளியிலும் நடந்தது ஒன்றுதான், உங்கள் பள்ளியிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் டைம்டேபிள் ஒட்டுவார்கள், அதில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் வாரம் இரண்டு பீரியடு என் பெயரில் இருக்கும். காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். "சார், இன்னிக்கு மட்டும் உங்க பீரியட குடுங்க சார், போர்ஷன் முடியல." அவரைக் குறை சொல்லவில்லை, ரிசல்ட் குறைந்தால் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆனால் அந்த "இன்னிக்கு மட்டும்" மார்ச் மாதம் வரை போகும். சன்னல் வழியாக கிரவுண்டைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள், நான் ஸ்டாஃப் ரூமில் மார்க் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பீரியடில் போனது வெறும் விளையாட்டுதான் என்று நீங்கள் நினைக்கலாம். போனது என்ன என்று சொல்லத்தான் இந்த மடல்.

வருடத்துக்கு இரண்டு தடவை உயரமும் எடையும் எடுத்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. எட்டாம் வகுப்பில் டேப்பைப் பிடித்து நின்றால் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்களில் ஒருவன் 138 செ.மீ. இருப்பான், இன்னொருவன் 166 செ.மீ. இருப்பான். இரண்டு பேருக்கும் 13 வயதுதான், இரண்டு பேருமே சரியாகத்தான் வளர்கிறார்கள். பருவ வளர்ச்சி பெண் குழந்தைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள்ளும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். பெண்கள் 12 வயதை ஒட்டி வேகமாக உயர்கிறார்கள், பையன்களுக்கு அந்த வேகம் சராசரியாக இரண்டு வருடம் தள்ளி வருகிறது, வந்தால் உச்சத்தில் வருடத்துக்கு 9 செ.மீ.க்கு மேல்கூடப் போகும். முதலில் கையும் பாதமும், அப்புறம் காலெலும்பு, கடைசியில்தான் முதுகு. அதனால்தான் போன வருடம் நன்றாக ஓடிய பையன் இந்த வருடம் தன் காலில் தானே தடுக்கி விழுகிறான். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலி என்று சொல்லும் பையனை "சோம்பேறி" என்று நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! எலும்பு வேகமாக வளரும்போது தசைநார் அந்த இடத்தைப் பிடித்து இழுப்பதால் வரும் வலி அது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இதில் மனசு எங்கே வருகிறது என்றால், பிரேயரில் உயர வரிசையில் நிற்க வைக்கிறோமே, அங்கே வருகிறது. மூன்று வருடமாக வரிசையில் முதலாவதாகவே நிற்கும் பையனுக்குத் தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. குறுவட்டப் போட்டிக்கு 14 வயதுக்குட்பட்டோர் அணி எடுக்கும்போது நானும் சீக்கிரம் வளர்ந்த பையன்களைத்தான் எடுத்தேன், கோப்பை வேண்டுமே. தாமதமாக வளர்ந்தவர்கள் ப்ளஸ் ஒன் வரும்போது இவர்களையும் தாண்டி உயர்ந்து நிற்பார்கள், ஆனால் அதற்குள் கிரவுண்டு பக்கம் வருவதையே விட்டிருப்பார்கள். பெண்களில் இது தலைகீழ். ஆறாம் வகுப்பிலேயே உடம்பு வளர்ந்துவிட்ட பிள்ளைதான் அதிகம் கஷ்டப்படுகிறாள். மனசில் அவள் இன்னும் பாண்டி ஆடும் குழந்தை, பார்க்கிறவர்கள் கண்ணுக்கு மட்டும் அப்படி இல்லை. ஒரு நாள் திடீரென்று தோளைக் குறுக்கி நடக்க ஆரம்பிப்பாள், ஷட்டில் மட்டையைத் தொட மாட்டாள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை வருடத்தில் நான் அதிகம் வருத்தப்படுவது அதற்காகத்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கபடிக்குச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றான். எல்லார் முன்னாலும் "பொம்பளப் புள்ளையாடா நீ" என்று கேட்டுவிட்டேன், மொத்தக் கூட்டமும் சிரித்தது. அன்றோடு அவன் கிரவுண்டுக்கு வரவில்லை, பள்ளிக்கு வருவதும் குறைந்தது. பல மாதம் கழித்து ஒரு மருத்துவ முகாமில் டாக்டர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் விளக்கினார். பருவ வயதில் பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு மார்பில் கொஞ்சம் வீக்கம் வரும், ஹார்மோன்களின் அளவு ஏறி இறங்குவதால் வருவது அது, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே வற்றிவிடும். இந்த இரண்டு வரி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவத்துக்கென்று ஒரு பாடமே இருக்கிறது. அதை வகுப்பில் எப்படி நடத்துகிறோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "வீட்ல போய் படிச்சுக்குங்க, கேள்வி பதில் நாளைக்கு எழுதிப் போடறேன்." அவ்வளவுதான். நம் ஊரில் பெண் குழந்தை வயதுக்கு வந்தால் மாமன் சீர் கொண்டு வருகிறார், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுக்கிறார்கள், மைக் செட் வைத்து ஊருக்கே சொல்கிறார்கள். ஆனால் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைக்கு உட்கார வைத்து விளக்குபவர் யாரும் இல்லை. முதல் இரண்டு வருடம் தேதி முன்னே பின்னே ஆவது இயல்பு என்றுகூட அவளுக்குத் தெரியாது, பயந்துகொண்டே இருப்பாள். பையனுக்கு அந்தச் சீரும் கிடையாது, விளக்கமும் கிடையாது. குரல் உடைந்தால் வகுப்பே சிரிக்கிறது. தூக்கத்தில் விந்து வெளியேறினால் தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைக்கிறான், சுவரொட்டியில் விளம்பரம் செய்யும் லாட்ஜ் வைத்தியரைத்தான் அவன் நம்புகிறான். இப்போது கையில் போன் வேறு இருக்கிறது, அதில் அவனுக்குக் கிடைக்கும் பதில் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து தூக்கம். ஒன்பது, ஒன்பதரைக்கு மணி அடிக்கும் நம் பள்ளி நேரம் நல்ல நேரம். அதை நாமே ஸ்பெஷல் கிளாஸ் வைத்துக் கெடுக்கிறோம். 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. பிள்ளை பதினோரு மணிக்குத்தான் கண் அசருகிறான் என்றால் அதில் போனின் பங்கு உண்டுதான், உடம்பின் பங்கும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014லேயே இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2022லிருந்து அது சட்டமாகவே இருக்கிறது. நாம் ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறோம். அதற்கு ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கிராமத்துப் பிள்ளை ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும், சாயங்காலம் ஸ்டடி முடிந்து வீடு போய்ச் சேர ஏழு மணி ஆகும். ஆறு, ஆறரை மணி நேரத் தூக்கத்தில் அது என்ன படிக்கும்? வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதே ஆழ்ந்த தூக்கத்தில்தான், காலையில் படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான். முதல் பீரியடில் தூங்கி விழும் பிள்ளையை எழுப்பி நிற்க வைக்கிறீர்களே, அந்தத் தூக்கம் நாம் பறித்த தூக்கம்.

பசியைப் பற்றியும் சொல்கிறேன். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. உடம்பு அதிகம் கேட்கும் வருடங்கள் அதற்குப் பிறகும் இருக்கின்றன. பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளைத் தூக்கியவன் நான். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில், "காலைல சாப்பிடல சார்." தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல் சொன்னபடி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதே வயது ஆண்களிலும் 31 சதவீதம். வாரம் ஒரு நாள் பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை ஜன்னலுக்கு வெளியே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் வீசுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணெதிரே விழுங்க வையுங்கள், கூடவே டீ குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஒரு நெல்லிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. காசு செலவில்லாத வேலை இது.

விளையாட்டுக்குத் திரும்பி வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. நாம் வாரத்துக்கு இரண்டு பீரியடு வைத்துவிட்டு அதையும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு மனிதனின் வாழ்நாள் எலும்பு வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, அதில் கால்வாசி அளவு வேகமாக வளரும் அந்த இரண்டு மூன்று வருடத்திலேயே சேர்கிறது. குதிப்பதும் ஓடுவதும்தான் எலும்பை உறுதியாக்குகிறது. பத்தாம் வகுப்பில் விட்ட போர்ஷனை ப்ளஸ் ஒன்னில் பிடித்துவிடலாம், அந்த வயதில் சேராத எலும்பை நாற்பது வயதில் எங்கே போய்ப் பிடிப்பது?

ஆனால் எனக்கு எலும்பை விடவும் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளைக்கு "நான் யார், யாரோட ஆளு" என்ற கேள்வி வந்துவிடும். அப்பா அம்மா சொல்வதை விட நண்பன் சொல்வது பெரிதாகத் தெரியும். மூளையில் ஆசையையும் ஆவேசத்தையும் கிளப்பும் பகுதி முந்திக்கொண்டு வளர்கிறது, நிதானம் சொல்லும் முன்பகுதி முழுதாக வளர இருபது வயதுக்கு மேலும் சில வருடம் ஆகும். தனியாக இருக்கும்போது ஒழுங்காக இருப்பவன் நாலு பேர் பார்க்கும்போது பைக்கைப் பறக்க விடுவதும் இதனால்தான். இந்த வயதில் ஒருவனை பிரேயரில் நிறுத்தி முடியை வெட்டிவிடுகிறோம். நமக்கு அது ஒழுக்கம், அவனுக்கோ அவன் பெரிதாக மதிக்கும் முன்னூறு பேர் முன்னால் நடந்த அவமானம். அவனுக்கு ஒரு கூட்டம் வேண்டும், தன்னை ஆளாக மதிக்கும் கூட்டம். அதைப் பள்ளி கொடுக்காவிட்டால் சாதி அடையாளமாகக் கையில் கலர் கயிறு கட்டிவிடக் காத்திருப்பவர்கள் கொடுப்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. வெட்டியவர்களும் மாணவர்கள், வெட்டுப்பட்டவனும் கூடப் படித்தவன். அந்த வன்முறையின் வேர் சாதி, அதை ஒரு கபடி அணி பிடுங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று தெருப் பையன்கள் ஒரே பாயில் விளையாடி, ஒருவன் விழும்போது மற்றவன் கையை நீட்டித் தூக்கிவிட்டதை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பத்து வருடம் கழித்தும் ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போகிறார்கள். அந்தப் பழக்கம் உண்டான இடம் நீங்கள் கணக்குக்குக் கொடுத்த அந்தப் பீரியடுதான்.

கேட்பது அதிகமில்லை. இந்த ஜூனில் டைம்டேபிள் போடும்போது பி.டி. பீரியடுக்குக் கீழே "மாற்றக் கூடாது" என்று நீங்களே கையெழுத்துப் போடுங்கள், பத்தாம் வகுப்புக்கும் ப்ளஸ் டூவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எட்டரை மணிக்கு முன்னால் ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம். மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, "சார், காலைல ஆறு மணிக்கே வரச்சொல்லுங்க, புள்ள வீட்ல படிக்க மாட்டேங்குறான்" என்று கூட்டத்தில் கேட்பது நீங்கள்தான், தயவுசெய்து அதை நிறுத்துங்கள். மனசு உடைந்து நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் திட்டுவதற்கு முன்னால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும், மனநல உதவிக்கான 14416ஐயும் வகுப்பு வாசலில் எழுதிப் போட்டிருக்கிறோமா என்று பாருங்கள்.

அந்த எட்டாம் வகுப்புப் பாடத்தை நடத்த ஆசிரியருக்குக் கூச்சமாக இருந்தால், பெண் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மாவைக் கூப்பிடுங்கள், வருவார்கள். பையன்களுக்கு நான் வருகிறேன். பஸ் போகிற தூரம் எதுவானாலும் சரி, காசு வேண்டாம். ஒரு பீரியடும் ஒரு கரும்பலகையும் கொடுங்கள், கேள்விகளைப் பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் போட ஒரு டப்பா வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் டப்பா நிறைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு பி.டி. வாத்தியார்