நெல் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நெல் மகரந்தப்பையைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துச் செடியாக்கும் கூடம் ஒன்றில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். திட்டம் முடிந்ததும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நெல்லுக்கு 24 குரோமோசோம்கள். மகரந்தத்தூளில் 12தான். அதிலிருந்தே ஒரு செடி வந்து, அந்தப் 12 இரட்டித்துவிட்டால், அது ஒரே தலைமுறையில் பிறழாத தூய வரிசை. சாதாரணமாக இரண்டு ரகங்களைக் கலப்புச் செய்தால் இந்தத் தூய்மைக்கு ஆறேழு தலைமுறை காத்திருக்க வேண்டும். வழி காட்டியதே நம் நாடுதான்: 1964இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையில் செய்து காட்டினார்கள். நான்கே வருஷத்தில் ஜப்பான் அதை நெல்லில் செய்துவிட்டது.

ஆனால் இந்த முறைக்கு ஜப்பான் நெல் மசியும் அளவுக்கு, நம் ஊரில் விளையும் இண்டிகா வகை நெல் மசியாது. வருகிற கொஞ்ச நாற்றிலும் பல வெள்ளை வெளேரென்று வரும். தட்டில் சர்க்கரை இருக்கும்வரை நிற்கும், மண்ணில் வைத்தால் செத்துவிடும். அதனால் முதல் வருஷத்துப் பச்சை நாற்றை எண்ணித் திட்டத்தை எடைபோடாதீர்கள்.

பாதி வெற்றி கதிர் வெட்டுவதிலேயே இருக்கிறது. தொண்டைக் கதிராக, அதாவது இலையுறைக்குள்ளிருந்து வெளியே வராமல் இருக்கும்போதே எடுக்க வேண்டும். கண்ணாடி இலை என்கிற உச்சி இலைக்கும் அதன் கீழ் இலைக்கும் உள்ள இடைவெளியை விரலால் அளப்போம். ரகத்துக்கு ரகம் அது மாறும். அப்புறம் பூவை வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே மகரந்தப்பைகள் ஆறும் பூவின் பாதி உயரத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. தாண்டினால் தூளில் மாவு பிடித்துவிடும். பிறகு தட்டில் எந்த ஊட்டக் கலவையை வைத்தாலும் அதை எழுப்பாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்த அக்காவைத் திட்டம் முடிந்த அன்றே அனுப்பிவிட்டார்கள். அடுத்த திட்டம் வந்தபோது புதுப் பிள்ளைகள் வெட்டிய கதிரெல்லாம் முற்றியவை. ஒரு பருவம் முழுக்கத் தட்டுகள் பழுப்பாகிக் கிடந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் காட்டித் தரவில்லை.

கூடத்துக்கு இரண்டு பேரையாவது நிரந்தரமாக்குங்கள். இந்தப் பருவத்துத் தாய்ச்செடிகள் தொண்டைக்கு வர ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் உத்தரவு வந்தால் அக்காவைத் திரும்பக் கூப்பிடலாம். கேட்டுப் பார்த்தேன், வரத் தயாராகத்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு கூடப் பணியாளர்