பாட்டியின் கோப்பைத் திறக்க

அன்புள்ள கண்ணா,

"நீங்க சொன்ன பாஸ்வேர்டு எடுக்கவே இல்லம்மா" என்று நேற்று போனில் சொன்னாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டி சொல்லச் சொல்ல 2004-ல் நான் டைப் செய்த கோப்பு அது. அவர் குரல் எதிலும் பதிவாகவில்லை. அவர் வாய்ச்சொல்லாக நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான்.

விடியற்காலையில்தான் காரணம் பிடிபட்டது. பாஸ்வேர்டு "அம்மா" என்றேன், அது சரிதான். எப்படி அடித்தேன் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். நான் அப்போது டிடிபி வேலையில், அதாவது கணினியில் அச்சுக்கோக்கும் வேலையில் இருந்தேன் அல்லவா, பழகிய எழுத்துரு பாமினி. அதில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. பாஸ்வேர்டு பெட்டியிலோ வெறும் நட்சத்திரக் குறிகள்தான் தெரியும். அதனால் கை பழக்கத்தில் அடித்ததெல்லாம் ஆங்கில எழுத்தாகவே பூட்டுக்குள் போய்விட்டது. நீ இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு தமிழில் "அம்மா" என்று அடித்தால் அது வேறு சொல். ஆங்கிலத்தில் ஏ, எம், எம், ஏ என்று அடித்தாலும் வேறு சொல்தான்.

இப்போது இப்படி அடித்துப் பார். அகரத்துக்கு எம். மகரத்துக்கு கே. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி (;). திரும்ப ஒரு கே. துணைக்காலுக்கு எச். மொத்தம் ஐந்து விசை, இடையில் இடைவெளி கிடையாது. எல்லாமே சின்ன எழுத்து. பாமினியில் பெரிய எம் என்றால் ஆகாரம் ஆகிவிடும், அதனால் கேப்ஸ் லாக் எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

உன் லேப்டாப்பின் விசைப்பலகை அமைப்பையும் பார். பிரெஞ்சு அமைப்பில் எம் இருக்கும் இடமே வேறு. பிரிட்டிஷ் அமைப்பில் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும். நோட்பேடில் ஒருமுறை அடித்து, கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் பெட்டியில் அடி. போனில் முயலாதே. அது சில சமயம் தானாகவே முதல் எழுத்தைப் பெரிதாக்கும், கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு காரியம். பென் டிரைவில் இருக்கும் மூலக் கோப்பைத் தொடாதே. இரண்டு நகல் எடுத்து, நகலில் மட்டும் முயற்சி செய். எத்தனையோ பேர் பதற்றத்தில் மூலத்தின் மேலேயே எதையாவது சேமித்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நகல் எடுத்ததும் இரண்டின் அளவும் மூலத்தின் அளவோடு பைட் கணக்கில் ஒன்றாக இருக்கிறதா என்று பார். குறைந்திருந்தால் பாதியிலேயே நின்ற நகல் அது, எந்த பாஸ்வேர்டுக்கும் திறக்காது.

அதற்கும் மசியாவிட்டால், திரையில் வரும் செய்தியை நிதானமாகப் படி. "பாஸ்வேர்டு தவறு" என்பது வேறு, "கோப்பு பழுதாகியுள்ளது" என்பது வேறு. இரண்டாவது வந்தால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பதில் பயனில்லை. பழைய சிடியிலும் ஒரு பிரதி உண்டு, அனுப்புகிறேன். வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸிலும் ஒருமுறை திறந்து பார்.

ஒரு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அது வேர்டு 2003 கோப்பு. அதில் வழக்கமாகப் போடும் பூட்டு 40 பிட் சாவிதான், அதாவது நாற்பது சைபர், ஒன்றுகளால் ஆன சாவி. மொத்தச் சாவிகள் ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேல். நமக்கு அது பெரிய எண், ஆனால் இன்றைய கணினிகள் தேடித் தீர்த்துவிடும். அதனால் பாஸ்வேர்டு கிடைக்காவிட்டாலும், விவரம் தெரிந்தவர் கையில் கொடுத்தால் வழி உண்டு. உன் ஆய்வுக் கோப்புகள் அப்படி இல்லை. ஆபீஸ் 2013-க்குப் பிறகு ஒவ்வொரு பாஸ்வேர்டையும் ஒரு லட்சம் முறை கணக்குப் போட்டு அரைத்துத்தான் சரிபார்க்கிறது. நீளமான பாஸ்வேர்டு வைத்து மறந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவற்றின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வை, கண்ணா. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

அதே பென் டிரைவில் போட்டோக்கள் இருக்கும் ஜிப்பை, அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதியை, செவன் ஜிப் என்ற மென்பொருளில் திற. அது ஏஇஎஸ் என்ற வலுவான முறையில் பூட்டியது. விண்டோஸோடு வரும் வசதிக்கு அது பிடிபடாமல், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் ஏதோ பிழை என்று சொல்லிவிடும். மற்ற ஜிப்களில் பழைய பூட்டு. அதில் முதலில் ஒரே ஒரு பைட்டைத்தான் ஒத்துப்பார்க்கும். தவறான பாஸ்வேர்டுகூட 256-க்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளே நுழைந்து, நடுவில் பழுது என்று நிற்கும். அங்கே பழுது என்று வந்தாலும் பாஸ்வேர்டையும் சந்தேகப்படு.

"பூட்டைத் திறந்து தருகிறோம்" என்று சொல்லும் இணையதளங்களில் பாட்டியின் கோப்பை மட்டும் ஏற்றிவிடாதே. வீட்டுக்குள் பேசியதெல்லாம் அதில் இருக்கிறது. அடுத்தவர் கணினிக்கு அது போகக் கூடாது.

திறந்ததும் முதல் பக்கம் ஒன்றும் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியலாம். பயப்படாதே, அது பழுதில்லை. பாமினியை நிறுவி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்று, தமிழாகிவிடும். அப்புறம் பூட்டில்லாமல் ஒரு பிரதி சேமித்து எனக்கு அனுப்பு. யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியாக நானே மெய்ப்புப் பார்க்கிறேன். பாட்டி "அப்போ" என்று சொன்னதை நான் "அப்போது" என்று திருத்திய இடங்கள் சில உண்டு. அவற்றைப் பழையபடியே வைக்க வேண்டும்.

திறந்தவுடன் போன் செய், நேரம் பார்க்காதே.

அன்புடன்,
அம்மா