தேங்கின தண்ணி வேற, உயிரோட இருக்குற குட்டை வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

டெங்கு, கொசுன்னு செய்தி வரும்போதெல்லாம் கடைசியில ஒரு வரி தவறாம இருக்கும், வீட்டச் சுத்தி தண்ணி தேங்க விடாதீங்கன்னு. நல்ல வரிதான், அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா அதப் படிச்சிட்டு வீட்டுக்குப் பின்னாடி தானா உண்டான குட்டையக்கூட மண்ணக் கொட்டி மூடிடுறாங்க, இல்லன்னா மருந்த ஊத்தி விடுறாங்க. எங்க வீட்டுலயும் மூடிடலாம்னுதான் பேச்சு ஓடுச்சு. நாங்க மூடல, மூணு வருஷமா அதத் திருத்திக்கிட்டு இருக்கோம், அதுல கத்துக்கிட்டத எழுதுறேன்.

டெங்குவப் பரப்புற ஏடிஸ் கொசு குட்டையத் தேடிப் போறது ரொம்பக் குறைவு. அதுக்குப் பிடிச்சது பழைய டயரு, மூடாத டிரம்மு, பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஓரத்துல முட்டைய ஒட்டி வச்சிட்டுப் போயிடும், காஞ்சு கிடந்தாலும் அந்த முட்டை மாசக்கணக்குல தாங்கும், மறுபடி தண்ணி ஏறினதும் பொரிஞ்சிடும். அந்த டிரம்முக்குள்ள கொசுப்புழுவத் திங்க ஒரு ஜீவனும் கிடையாது. நல்லா இருக்குற குட்டையில அப்படி இல்ல, மீன் இருக்கு, நீர்வண்டு இருக்கு, தட்டானோட புழு சேத்துல பதுங்கிக் கிடக்கு, கொசுப்புழு அவ்வளவு சுலபமா வளர்ந்து பறந்துட முடியாது.

பிரச்சனை எங்க வருதுன்னா, கவனிக்காம விட்ட குட்டையில. இலை விழுந்து விழுந்து அடியில மட்குது, மட்கும்போது தண்ணியில இருக்குற ஆக்சிஜன் தீந்துபோகுது, மேல ஆகாயத்தாமரை கம்பளம் விரிச்ச மாதிரி மூடிட்டா வெளிச்சமும் உள்ள போகாது, கடைசியில மீனு, தட்டான் புழு எல்லாம் செத்துடும். ஆனா கொசுப்புழு சாகாது, ஏன்னா அது வால் பக்கம் இருக்குற குழாயத் தண்ணிக்கு மேல நீட்டி வெளிக்காத்தத்தான் சுவாசிக்குது, தண்ணி எவ்வளவு நாறினாலும் அதுக்குக் கவலையில்ல. சாக்கடைத் தண்ணியில வளர்ற கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்த மாதிரி எடம்தான் வேணும். திங்கிறது செத்துப்போச்சு, கொசு மட்டும் மிஞ்சிடுச்சு, பழி குட்டை மேல விழுது. நான் சொல்ல வர்றதே இதுதாங்க, குட்டைக்கு உயிர் வந்தா கொசு தானா குறையும், அத மூடணும்னு அவசியமே இல்ல.

எங்க குட்டை எப்படி இருந்துச்சுன்னா, ஒரு கம்ப எடுத்து அடியில குத்தினா கறுப்பா குமிழி குமிழியா வரும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அது காத்தில்லாத சேத்துல உண்டாகுற ஹைட்ரஜன் சல்பைடு. முதல் வருஷம் நாங்க பண்ணினது பெரிய தப்பு. ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு மெஷின வச்சு அடிவரைக்கும் சொரண்டி எடுத்தோம், பார்க்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, அடுத்த மழையில நிறைஞ்சது, பத்தே நாள்ல வத்திப்போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, இத்தனை வருஷமா தண்ணியப் பிடிச்சு வச்சிருந்தது அடியில படிஞ்சிருந்த களிமண்ணு, அதையும் சேத்து வாரிட்டோம். மறுபடி களிமண்ண ஈரமா போட்டு மிதிச்சு மிதிச்சு இறுக்க வேண்டியதாச்சு. சிமெண்டு போட்டுடுங்கன்னு சொன்னவங்க நிறைய பேரு. சிமெண்டு போட்டா அது தொட்டி, ஓரமெல்லாம் செங்குத்தா நின்னா உள்ள விழுந்த தவளைக்குஞ்சு ஏறி வரக்கூட வழி இருக்காது.

அதனால செய்யப்போறவங்க தண்ணி குறைஞ்சிருக்குற காலத்துல, மழைக்கு முன்னாடி ஆரம்பிங்க, மழை வந்ததும் தவளை முட்டை போட வந்துடும், அப்ப கலக்கக் கூடாது. பாதிய இந்த வருஷம், மீதிய அடுத்த வருஷம் எடுங்க, எடுக்காத பாதியில இருக்குற உயிருங்கதான் எடுத்த பாதிக்குக் குடிவரும். மேல இருக்குற கொழகொழன்னு கறுத்த சேறு மட்டும் போதும், கெட்டியா வழவழன்னு மண்ணு தட்டுப்பட்டா மண்வெட்டிய நிறுத்திடுங்க.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். பிடுங்கின செடிய உடனே தூக்கிட்டுப் போயிடாதீங்க, கரையிலயே சரிவா ஒரு நாள் ரெண்டு நாள் போட்டு வைங்க. நான் ஒரு தடவை ஆகாயத்தாமரை வேர உதறாம அப்படியே போட்டுட்டு உக்காந்து பார்த்தேன், அந்தக் கறுத்த வேருக்குள்ளேருந்து சேத்து நிறத்துல ஆறு காலோட ஒண்ணு மெதுவா வெளிய வந்து தண்ணி இருக்குற பக்கமாவே ஊர்ந்துச்சு. தட்டான் புழு. அதுக்குப் பின்னாடி நத்தை, குட்டியா ஒரு நீர்வண்டு. அதுவரைக்கும் எத்தனை கூடை அப்படி வாரிக் கொட்டியிருப்பேனோன்னு நினைச்சா இன்னைக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அந்தச் செடியில நூத்துக்கு 90க்கு மேல தண்ணிதான், காஞ்சா ஒண்ணுமில்லாம சுருங்கிடும், மட்க வச்சா செடிகளுக்கு நல்ல உரம். ஆனா அதோட விதை சேத்துக்குள்ள பல வருஷம் உயிரோட கிடக்கும், அதனால ஒரு தடவை எடுத்தா ஒழிஞ்சுதுன்னு விட்டுடக்கூடாது, முளைக்க முளைக்கப் பிடுங்கணும்.

சேறு எடுத்த பிறகு தண்ணி பச்சைப் பசேல்னு ஆகும், எங்களுக்கும் ஆச்சு, பயந்துடாதீங்க. கலக்கின சேத்துலேருந்து வந்த உரச்சத்தையெல்லாம் தின்னு பாசி பெருகுது, அவ்வளவுதான். அதுக்குன்னு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டீங்கன்னா பாசி மொத்தமா செத்து அழுகி மறுபடி ஆக்சிஜன் போயிடும், அந்தத் தாமிரம் மீனுக்கும் நத்தைக்கும் விஷம். அல்லி மாதிரி இலை மிதக்குற செடி தண்ணிப் பரப்புல பாதிக்கு மேல போகாம இருந்தா போதும், தண்ணிக்குள்ள வளர்ற செடியும் கொஞ்சம் வேணும், சத்த அதுங்க இழுத்துக்கும், பாசி தானா அடங்கும். துணி துவைச்ச தண்ணி, தோட்டத்துக்குப் போட்ட உரம் ரெண்டும் மழையில அடிச்சிட்டு உள்ள வராம வரப்பு கட்டிடுங்க, இதச் செய்யாம மத்ததெல்லாம் செஞ்சாலும் ரெண்டே வருஷத்துல பழையபடி ஆயிடும்.

மீன் விடுறதுல அவசரம் வேண்டாம். கொசுவத் திங்கும்னு கம்பூசியா மீன விடச் சொல்லுவாங்க, அது அமெரிக்காவுலேருந்து உலகம் பூரா கொண்டுபோன மீனு, தலைப்பிரட்டையையும் மத்த மீனோட குஞ்சையும் சேத்தே தின்னுடும். அந்தந்த ஊரு நீர்நிலையில ஏற்கனவே இருக்குற சின்ன மீனே போதும். வீட்டுல குழந்தைங்க இருந்தா மொதல்ல வேலி, அப்புறம்தான் மத்த எல்லாம்.

ஆசிரியர்கிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை கொசு பத்தின செய்தி போடும்போது டிரம்ம கவுத்துங்க, டயர அப்புறப்படுத்துங்கன்னு எழுதுங்க, கூடவே இயற்கையான குட்டைய மூடாதீங்க, சுத்தம் பண்ணி வச்சிக்கோங்கன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. இன்னைக்குக் காலையில எங்க குட்டை ஓரத்துக் கோரைத் தண்டுல தட்டான் உரிச்சுப் போட்ட தோலு ஏழு எண்ணினேன், முதுகு மட்டும் பிளந்து, காலு தண்டக் கெட்டியா பிடிச்சபடியே இருந்துச்சு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்