ஏ.சி. பூட்டுமுன் யன்னலை அளந்து பாருங்கள்

திருகோணமலையில் பொது மண்டபங்களைத் திருத்த எண்ணியிருக்கும் உள்ளூராட்சி உறுப்பினர்களுக்கும் ஆலய பரிபாலன சபையினருக்கும்,

வணக்கம். மண்டபம் திருத்துவதென்றால் நிலத்துக்கு ரைல்ஸ், சுவருக்குப் பெயின்ற், யன்னலை அடைத்து ஏ.சி. என்றுதான் மதிப்பீடு வருகிறது. ஒலிக்கென்று அதில் ஒரு வரியும் இருப்பதில்லை. திறப்பு விழா முடிந்து முதல் கச்சேரி (பாட்டுக் கச்சேரியைத்தான் சொல்கிறோம், அரசாங்கக் கச்சேரியை அல்ல) வைத்ததும் பாடுவது ஒன்று, பின்வரிசைக்குக் கேட்பது இன்னொன்று. பழி மைக்காரர் தலையில் விழும்.

நல்ல ஒலிக்கு ஓர் எடுத்துக்காட்டு: வியன்னாவின் மியூசிக்ஃபெராய்ன் இசை மண்டபம் 1870 இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 49 மீற்றர் நீளம், 19 அகலம், 18 உயரம். சப்பாத்துப் பெட்டிபோல எளிய வடிவம். பொன் பூசிய சிலைகளையும் மாடங்களையும் அழகுக்கு வைத்தார்கள், அவையே ஓசையை உடைத்து நாலா பக்கமும் பரப்புகின்றன. ஆள் நிறைந்திருக்கையில் அங்கே ஓசை அடங்க 2 விநாடியளவு ஆகும். மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு அது பொருத்தம். நம் இசைக்கு அவ்வளவு நீளம் ஆகாது: மிருதங்கச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், சாகித்தியம் குழம்பும். எங்கள் கணிப்பில் 1.2 முதல் 1.5 விநாடி போதும்.

இதைக் கணக்கிட வழி சொன்னவர் வாலஸ் சபின். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895 இல் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசிய சொல் 5.5 விநாடி சுழன்றது. அந்த இளம் பௌதிகவியல் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, ஓர்கன் குழாயை ஊதி, நேரத்தை அளந்தார். அவர் வைத்த அலகுதான் எங்களுக்கு வேண்டியது: திறந்த யன்னல். அதற்குள் போன ஓசை திரும்பி வராது. ஆகவே 1 சதுர மீற்றர் திறந்த யன்னல் என்றால் 1 சதுர மீற்றர் முழு உறிஞ்சல். 1900 இல் திறந்த பொஸ்டன் சிம்பொனி மண்டபம் அவர் கணக்கை வைத்துக் கட்டியதே.

சூத்திரம் எளிது: கனவளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுக்க வேண்டும். 25 மீற்றர் நீளம், 15 அகலம், 6 உயரமான மண்டபம் 2250 கன மீற்றர். சீமெந்துப் பூச்சும் ரைல்ஸும் பிளாஸ்ரிக் கதிரையுமாக, யன்னல் மூடியிருந்தால் உறிஞ்சல் 74 அளவில்தான் நிற்கும். ஓசை அடங்க 4.9 விநாடி. 200 பேர் வந்தால் (ஆளுக்கு 0.45) 2.2. அதே 200 பேருடன் 36 சதுர மீற்றர் யன்னலும் திறந்திருந்தால் 1.8. ஏ.சி. பூட்டிய மண்டபம் கிணற்றுக்குள் பேசுவதுபோல மாறுவதற்குக் காரணம் இந்த 36 தான். யன்னலை அடைக்கிறவர் அதை வேறெங்காவது திருப்பித் தர வேண்டும்.

திருப்பித் தருவது றொக்வூல் (கற்பஞ்சு) பலகை. 50 மில்லிமீற்றர் தடிப்பு, சதுர மீற்றருக்கு உறிஞ்சல் ஏறத்தாழ 0.8. 120 சதுர மீற்றர் பொருத்தினால் 200 பேருடன் 1.4 க்கு இறங்கிவிடும். முதலில் பின்சுவர்: மேடையில் எழும் ஓசை 25 மீற்றர் போய்த் திரும்பினால் பாடகர் காதுக்கு 0.14 விநாடி பிந்தி வரும், தாளம் தடுமாறும். மிச்சத்தை எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில் மாறிமாறி வையுங்கள். பலகைக்கும் சுவருக்கும் இடையே 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால் தாழ்ந்த சுருதியும் ஓரளவு அடங்கும், கடற்காற்றின் ஈரமும் தேங்காது. மேலே காற்றுப் புகும் துணி போர்த்த வேண்டும். அடுத்த வருடம் அந்தத் துணிக்கே பெயின்ற் அடித்துவிடாதீர்கள். துவாரம் அடைபட்டால் அது வெறும் சுவர்.

முட்டை அட்டை வேண்டாம். ஓசையைப் பெரிதாக அடக்காது, தீ மட்டும் வேகமாகப் பிடிக்கும். கம்பளம் மட்டும் விரிப்பதும் பிழை: அது கீச்சொலியைத் தின்றுவிட்டு மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். ஸ்பீக்கரை முகட்டைப் பார்க்கத் தொங்கவிடாமல், இருப்பவர் காது மட்டமான 1.2 மீற்றரை நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள்.

கூரையை மறக்கவேண்டாம். நமக்குப் பெருமழை கார்த்திகை, மார்கழியில். திருவெம்பாவை நிகழ்ச்சிகளும் அப்போதுதான். வெறும் தகரத்தில் மழை அடித்தால் எந்த மைக்கும் உதவாது. தகரத்துக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சும் அதன்கீழ் சீலிங்கும் வேண்டும்.

மதிப்பீட்டில் கையெழுத்து வைக்குமுன் ஒரு மாலை கதவு யன்னல் மூடி, ஃபேனை நிறுத்தி, மேடையில் ஒரு பலூனை உடையுங்கள். கைப்பேசியில் பதிந்து, யன்னல்களைத் திறந்துவிட்டு இன்னொன்று. இரண்டையும் ஒப்பந்தக்காரருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை ஒலியமைப்பாளரும் பக்கவாத்தியக்காரரும் சிலர்