மாடிப்படியே போதும்

அன்பு மகளுக்கு,

ஜிம்மைப் பூட்டிட்டாங்க, வெளியே மைனஸ் பத்து, இனி பங்குனி பிறந்தாத்தான் உடற்பயிற்சி எல்லாம்னு போன்ல சொன்னியே, அதுக்குத்தான் இந்தக் கடிதாசி. மார்கழியில 22 டிகிரிக்கே மப்ளர் சுத்திக்கிட்டு வ.உ.சி. மைதானத்துல நடக்கிற பாளையங்கோட்டைக்காரி குளிரைப் பத்திச் சொல்லுதாளேன்னு சிரிக்காத.

பங்குனி வரை தாங்காது, ஏட்டி. ரெண்டு வாரம் சும்மா இருந்தாலே ரத்தத்துல நீர்ப்பங்கு குறையும். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுற ரத்தம் குறைஞ்சா, அதே வேலைக்கு அது கூடுதல் தடவை துடிக்கணும். உனக்கு இப்போ மூச்சு வாங்குறது அதனாலதான். ஆனா அஞ்சு நாள் ஓடினவ மூணு நாளாக் குறைச்சாலும், மூச்சு வாங்குற அளவைக் குறைக்காம இருந்தா, சேர்த்து வச்சது பெரும்பாலும் கைவிட்டுப் போகாது. நாளைக் குறை, நேரத்தைக் கூடக் குறை. வேகத்துல மட்டும் கை வைக்காத.

அந்த அளவை எப்படிப் பிடிக்க? 220-ல உன் வயசு 32 போனா 188; உன் இதயம் நிமிஷத்துக்கு அதிகபட்சம் அத்தனை தடவை துடிக்கும். இது தோராயம்தான், பத்து முன்னப்பின்ன இருக்கும். நிதானப் பயிற்சின்னா நிமிஷத்துக்கு 120-லேருந்து 143 துடிப்பு. கடும் பயிற்சின்னா 145-லேருந்து 175. கையில கட்டுற வாட்ச்சை நம்பாத. குளிர்ல மணிக்கட்டு ரத்தக்குழாய் சுருங்கிரும், அது கண்டமேனிக்கு ஒரு நம்பரைக் காட்டும். நின்ன உடனே கட்டைவிரல் பக்கம் நாடியில ரெண்டு விரலை வச்சு 15 விநாடி எண்ணி நாலால பெருக்கு. ஒரு நிமிஷம் கழிச்சு எண்ணினா துடிப்பு இறங்கியிருக்கும். இல்லையா, பேசிப் பாரு: பேச்சு வரும் பாட்டு வராதுன்னா நிதானம். ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேச முடியலன்னா கடுமை.

இனி வேலை. உன் கட்டடத்துல பத்து மாடி இருக்கு, அதைவிட நல்ல மெஷின் எந்த ஜிம்மிலயும் கிடையாது. வீட்டுக்குள்ள அஞ்சு நிமிஷம் நின்ன இடத்துலயே நடந்து உடம்பைச் சூடாக்கிக்கோ. அப்புறம் ஆறு மாடி, ஒவ்வொரு படியா, நிக்காம ஏறு. ஒன்றரை ரெண்டு நிமிஷம் ஆகும். இறங்குறதுக்கு லிஃப்ட். சோம்பேறித்தனம்னு நினைக்காத; இறங்கும்போதுதான் முட்டியில பாரம் விழும். தொடைத் தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்குறதால ரெண்டாம் நாள் உட்கார எந்திரிக்க முடியாது. லிஃப்ட்ல வர்ற அந்த ஒரு நிமிஷம்தான் உனக்கு ஓய்வு. முதல் வாரம் அஞ்சு சுத்து, அடுத்த வாரம் ஏழு, அப்புறம் எட்டு. பாதம் முழுசும் படியில பதியணும். முன்பாதத்துல மட்டும் ஏறினா மூணாவது சுத்துலயே கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். கைப்பிடியில சாஞ்சு ஏறினா பாதி வேலையைக் கையே பார்த்துரும். இன்னொண்ணு: சில கட்டடத்துல படிக்கட்டுக் கதவு மூடினா உள்ளேயிருந்து திறக்காது, தரைத்தளத்துலதான் வெளியே வரணும். முதல்ல அதைப் பாரு. சாவி, போன் ரெண்டும் இடுப்புல இருக்கட்டும்.

படி அலுத்தா ஸ்கிப்பிங். கயிறு நடுவுல ஒரு காலால மிதிச்சு நில்லு, கைப்பிடி ரெண்டும் அக்குள் வரை வரணும். அதைவிட நீளம்னா சுத்து தளரும், குட்டைன்னா காலைத் தட்டும். ஒரு அங்குலத்துக்கு மேல குதிக்க வேண்டாம், கயிறு போக அது போதும். முழங்கை விலாவை ஒட்டி இருக்க, மணிக்கட்டுதான் சுத்தணும். கை விரிய விரியக் கயிறு குட்டையாகும், இடறும். 30 விநாடி குதி, 30 விநாடி நில்லு, பத்துத் தடவை. வெறுங்காலோட வேண்டாம், முட்டிக்குக் கீழ முன்னெலும்பு வலிக்கும். அடியில தடிச்ச ரப்பர் பாய் போடு, ராத்திரி எட்டு மணிக்கு மேல தொடாத, கீழ்வீட்டுக்காரங்க ஆவலாதியோட வந்து நிப்பாங்க.

வெளியே ஓடித்தான் ஆகணும்னா, தரை உறைஞ்சு கிடக்குற அன்னைக்கு வேண்டாம். சவம், ஒரு வழுக்குக்கு ஆறு மாசம் போயிரும். உடம்போட ஒட்டுற துணி பருத்தியா இருக்கக் கூடாது. இங்க வெக்கைக்கு அது சொர்க்கம். அங்க வியர்வையை உறிஞ்சி ஈரத்தோடயே நிக்கும், நீ விறைச்சுப் போவ. வாசல்ல நிக்கும்போது லேசாக் குளிரணும், அப்பதான் உடுப்பு சரி. போகும்போது எதிர்காத்து, திரும்பும்போது முதுகுக்காத்து, அப்படி வழியைப் பார்த்துக்கோ. நனைஞ்ச உடம்புல எதிர்காத்து படக் கூடாது. வாயை மூடி துணி சுத்து. குளிர்காத்துல ஈரம் கிடையாது, மூச்சுக்குழாய் காஞ்சு இறுகும். இழுப்பு வந்தா ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாரு. நெஞ்சு இறுக்கமோ தாடை வலியோ கிறுகிறுப்போ வந்தா ஒரு சுத்து கூட வேண்டாம், உடனே ஆளைக் கூப்பிடு.

பார்சல்ல சுக்கும் கருப்பட்டியும் வச்சிருக்கேன். குளிர்ல தாகம் தெரியாது, ஆனா வியர்வையிலயும் மூச்சுலயும் தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கும். படி ஏறி முடிச்சதும் முதல்ல ஒரு டம்ளர் வெந்நீர், அதுக்குப் பிறகு சுக்குத்தண்ணி.

அம்மா